பலேர்மோவுக்கு என்ன உடுப்புக் கொண்டுவர?

விடுதி வேலையில் அறை துப்புரவாக்குவது லேசு, கட்டில் விரிப்பு மாற்றுவது அதைவிட லேசு; வரப்போகிறவருக்கு என்ன உடுப்புக் கொண்டுவரச் சொல்வது என்பதில்தான் உயிர் போகும். அறைத் திறப்பும் கையுமாகத் திரிகிற என் தொழில் இனத்தவர்களே, உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பதினோரு வருடமாக இத்தாலியின் பலேர்மோவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய அம்மா ஒருவரின் ஆறு அறை விடுதியில் வேலை செய்கிறேன். விருந்தினர் வரமுன்பு அந்தந்த மாதத்துக்கு ஏற்ற உடுப்பு விபரத்தை எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

போன வருடக் கடைசியில் அதே கேள்வியை என் மனைவி ரெஜினா மன்னாரிலிருந்து கேட்டாள். அவள் கணித ரீச்சர். கலியாணம் முடிந்து நாலு வருடம், சேர்ந்திருந்தது ஐந்து மாதம். "ஒரு மாத லீவிலை வந்து பாக்கிறன். பிடிச்சால் வேலையை விட்டிட்டு வாறன். பிடிக்காட்டி நீங்கள் இஞ்சை வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவள் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது பிறகு. முதலில் மற்றவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஜனவரியில் அரைக் காற்சட்டை

ஜெர்மனிக்காரத் தம்பதி ஒன்று ஜனவரியில் வந்தது. தடித்த ஜாக்கெட் கொண்டுவாருங்கள், வீட்டுக்குள் குளிரும் என்று எழுதியிருந்தேன். அவர்கள் அதை வாசித்துச் சிரித்திருக்க வேண்டும். இருவரும் அரைக் காற்சட்டையோடு வந்து இறங்கினார்கள். மத்தியான வெயில் நன்றாகத்தான் இருந்தது. பல்கனியில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

இந்த ஊர் வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. உயரமான கூரை, தடித்த சுவர், பளிங்குத் தரை. குளிர்காலத்தில் அந்தத் தரை ஐஸ் பெட்டி. அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு இருவரும் கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கணவர் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி சொன்னார்: "எங்கள் ஊரில் குளிர் வந்தால் வீட்டுக்குள் ஓடுவோம். இங்கே எங்கே ஓடுவது?"

ஏப்ரலில் கடல்

கனடாவிலிருந்து வந்த ஒரு அண்ணைக்கு ஏப்ரல் மாதம் சொர்க்கமாகப் பட்டது. பக்கத்திலிருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பிடக் கூட்டிப்போனேன். வெயில் எறித்தது. அவர் டீ-சேர்ட்டில் வந்தார். எங்களைச் சுற்றியிருந்த சனமெல்லாம் பஞ்சு ஜாக்கெட்டும் கழுத்துத் துணியுமாக இருந்தது. இந்த ஊரார் வெயிலைப் பார்த்து உடுப்பதில்லை, நாட்காட்டியைப் பார்த்து உடுப்பார்கள். ஜூன் பிறக்காமல் கடலில் கால் நனைக்க மாட்டார்கள்.

அண்ணை சாப்பாடு வரும்வரைக்கும் பொறுக்காமல் சேர்ட்டைக் கழற்றிவிட்டுக் கடலில் குதித்தார். சாப்பாட்டுக் கடைக்குள்ளேயிருந்து சமையல்காரர் வரைக்கும் வெளியே வந்து பார்த்தார்கள். நரைத்த மீசைக்காரப் பரிமாறுகிறவர் என் தோளில் கை வைத்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "பாவம், அவருக்கு வீட்டில் சொல்லித் திருத்த ஒருத்தரும் இல்லையா?"

பட்டும் பாலைவனக் காற்றும்

லண்டன் அக்கா ஒருவர், தன் தம்பி மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை எடுக்கிற முதல்நன்மைச் சடங்குக்கு மே மாதம் வந்தார். மெல்லிய பருத்தி உடுப்பு ஒன்றாவது வையுங்கோ, சிலவேளை ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஸ்கிரோக்கோ என்று ஒரு காற்று வரும், மணலையும் அள்ளிக்கொண்டு வரும் என்று எழுதினேன். "தம்பி, நான் யாழ்ப்பாணத்து வெயில் குடிச்சு வளந்தவள்" என்று பதில் வந்தது. காற்று சரியாக அன்றைக்கென்று பார்த்து வந்தது. அக்கா காஞ்சிபுரப் பட்டோடு கோயிலுக்குள் போனார், நனைந்த துணிமூட்டையாக வெளியே வந்தார்.

விருந்து மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தவரைப் பார்த்து நான் திறந்த வாயை மூடவில்லை. வீட்டில் போடுகிற பூப்போட்ட சோட்டி, அதற்குமேல் ஏழு பவுண் சங்கிலி, அட்டியல், காப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா அமைதியாகச் சொன்னார்: "நகை போட்டிருக்கிறன்தானே, சோட்டியை ஆர் பாக்கப்போகினம்?"

மடு மாதாவும் பளிங்குத் தரையும்

இப்போது என் கதை. ரெஜினா வந்தது ஜனவரிக் கடைசியில். நான் அவளுக்கு எழுதியது ஒரே வரி: "மன்னார் மாதிரித்தான், கடற்கரை ஊர், ஸ்னோ இல்லை." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, முழுதாகப் பார்த்தால் பச்சைப் பொய். அவள் இரண்டு பருத்திச் சட்டையும் ஒரு சால்வையுமாக வந்தாள். ஜாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஊருக்குள் ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் என் வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள். ஊர்ப் பழக்கத்தில் நாள் முழுக்க வெறுங்காலோடு பளிங்கில் நடந்தாள். நான் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு திரிகிறவன், அவள் காலை மறந்துபோனேன். நாலாம் நாள் காய்ச்சல்.

சிஞ்ஞோரா ஒரு சட்டி சூப்போடு வந்தார். கட்டிலிலிருந்து இறங்கிய ரெஜினாவின் வெறுங்காலைக் கண்டதும் அவர் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். உடனே கீழே போய்க் கம்பளிச் செருப்பு வாங்கி வந்தார். ரெஜினா போட மறுத்துவிட்டாள். "மடு மாதா படம் இருக்கிற வீட்டுக்குள்ளை செருப்போடை திரியேலாது எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். சிஞ்ஞோரா சுவரில் தொங்கிய எங்கள் மன்னார் மாதாவின் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ரெஜினாவைப் பார்த்துச் சொன்னார்: "மாதா சுவரில் இருக்கிறார் மகளே. தரையில் நிற்பது நீதான்."

விருந்தினருக்குப் போகும் தகவல்

செருப்பு காலில் ஏறியது, காய்ச்சல் இறங்கியது. அன்று பின்னேரம் ரெஜினா, "சனத்துக்கு என்ன எழுதி அனுப்புறனீங்கள்? காட்டுங்கோ" என்றாள். போனைக் கொடுத்தேன். ஜனவரித் தகவலை இரண்டு தரம் வாசித்தாள். தடித்த ஜாக்கெட், கம்பளிக் காலுறை, வீட்டுச் செருப்பு, வீட்டுக்குள் குளிரும். எல்லாம் இருந்தது.

"ஆரெண்டு தெரியாத சனத்துக்கு உண்மை. எனக்கு மன்னார் மாதிரியோ?"

"குளிரெண்டு சொன்னால் நீர் வராமல் விட்டிடுவீர் எண்டு பயந்திட்டன்."

நாலு வருடப் பயம் அது. அவள் போனைத் திருப்பித் தந்தாள். அடுத்த மூன்று வாரமும் சமைத்தாள், கடற்கரைக்கு வந்தாள், கோயிலுக்கு வந்தாள், முடிவை மட்டும் வாயால் சொல்லவில்லை. விருந்தினர் சொல்லிக்கொள்ளாமல் போனால்கூடப் பரவாயில்லை. இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நாள்தோறும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். விமான நிலையத்தில் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் தந்தாள். இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் சொன்னாள்: "அங்கை இது தேவையில்லை, வைச்சிருங்கோ. ஸ்கூலிலை வேலையை விடுற கடிதம் குடுத்திட்டு வாறன். ஆனால் இனிமேல் சனத்துக்கு எழுதுறதைத்தான் எனக்கும் எழுதவேணும்."

பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: பலேர்மோவுக்கு வருகிறவருக்கு ஒரு ஜாக்கெட் கூடுதலாகச் சொன்னாலும் குற்றமில்லை, வருகிறவர் உங்கள் மனைவியென்றால் காலுறையிலிருந்து தொடங்குங்கள்.