முப்பது நிமிடம் சாத்திய கதவு

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்தமாட்டார்கள். சாத்தினால் ஒன்று சண்டை, இல்லையென்றால் சாவு. நாங்கள் மட்டும் ஒரு நாளைக்கு நான்கு முறை சாத்தினோம். பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் சாத்தியது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியிருந்தன. வயிற்றில் மெல்லிய டியூப் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் உள்ளே போகும். சில மணி நேரம் அங்கேயே இருந்து உடம்பின் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். எல்லாம் வீட்டிலேயே. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் காற்றாடி சுற்றக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கக்கூடாது, மாஸ்க் போடாமல் யாரும் கிட்டே வரக்கூடாது. அறைக்கு வெறும் திரைச்சீலைதான் என்பதால் வாசல் கதவையே சாத்தவேண்டியிருந்தது.

வடிந்த தண்ணீரைச் சோதிப்பது என் இலாகா. பைக்கு அடியில் பாடப் புத்தகத்தை வைப்பேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. ஒருமுறை தெரியவில்லை. அம்மா சிரம்பான் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தார். அதற்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு அக்கா பலகாரத் தட்டோடு வந்து, வேர்க்கிறது என்று காற்றாடியையும் தட்டிவிட்டு, உட்கார்ந்து கதை பேசியிருந்தார். எழுந்து போகச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. கிருமி அப்படித்தான் வந்தது என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லவில்லை. நான் சொன்னேன், லயம் முழுக்க. மிஸ்ஸி சொன்னது வேறு: மறுபடியும் கலங்கினால் டியூப்பை எடுக்கவேண்டி வரலாம். பிறகு வாரம் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்கவேண்டும். எங்களிடம் இருந்ததோ அப்பா சுங்கை காடுட் ஃபேக்டரிக்கு ஓட்டிப்போகும் ஒரே மோட்டார் சைக்கிள். அம்மாவின் பள்ளிக் கேன்டீன் வேலையும் போய்விடும். அன்றே முடிவெடுத்தேன்: இனிப் பிரதமரே வந்தாலும் கதவு திறக்காது.

பிரதமர் வரவில்லை, அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். மாமா தவறிய பிறகு போர்டிக்சனில் தனியாக இருந்தார். அப்பா அவர் முன்னால் நாற்காலியில்கூட உட்காரமாட்டார். சனிக்கிழமை, உச்சி வெயில். பஸ்ஸை விட்டிறங்கி, செம்பனைத் தோட்டத்துக்குள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, கதவைத் தட்டினார்.

“பாப்பா, கதவத் தொற.”

“முடியாது அத்தை. இப்பதான் தண்ணி எறங்குது. முப்பது நிமிசம்.”

“நான் யாருன்னு தெரியுதாடி?”

“தெரியுது அத்தை. யாரா இருந்தாலும் முப்பது நிமிசம்தான். மிஸ்ஸி சொல்லிருக்காங்க.”

“நாளைக்கு நீ பெரிய மனுசியானா மிஸ்ஸியா வந்து தண்ணி ஊத்துவா? நான்தான்லா வரணும்.”

தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “அங்க பாஸ்போர்ட் கேப்பாங்கக்கா. இங்கிட்டு வாங்க, பசியாறிட்டுப் போலாம்.”

உள்ளே அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்து கெஞ்சினார். “தொறந்து விடுடி. அண்ணி வெயில்ல நிக்கிறாங்க.”

“மறுபடியும் கலங்குச்சுன்னா டியூப்ப எடுத்துருவாங்க. ஒங்களுக்கு அண்ணி வேணுமா, டியூப் வேணுமா?”

வெளியே சத்தம் நின்றுவிட்டது. கதவு இடுக்கில் பார்த்தேன். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

பை காலியானது. மூடியைப் போட்டோம். வடிந்த தண்ணீருக்கு அடியில் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அறை வாங்கத் தயாராகக் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அத்தை அடிக்கவில்லை. குழாயடியில் கால் கழுவிவிட்டு வந்து, “அடுத்தது எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

“அஞ்சு மணிக்கு.”

“நான் பாக்கணும்.”

குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா. ஐந்து மணிக்கு அத்தையின் வளையல்களைக் கழற்ற வைத்தேன், விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட வைத்தேன், மாஸ்க்கை நானே மாட்டிவிட்டேன். அம்மா பையை மாட்டினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் விளக்கினேன். அத்தை பையைப் பார்க்கவில்லை, டியூப் வயிற்றில் நுழையும் இடத்தையே பார்த்தார். கேள்வி மேல் கேள்வி. இதோடு சேலை கட்ட முடியுமா. பஸ்ஸில் போகலாமா. கூட ஆள் இல்லாமல் ஒருத்தியே செய்துகொள்ளலாமா. வலிக்குமா.

“சொன்னதையே கேக்குறீங்களே அத்தை” என்று நான் அதட்டினேன். அம்மா என்னை முறைத்தார். அத்தை தலையாட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது ஒரு மாஸ்க்கும் மிஸ்ஸி கொடுத்திருந்த விளக்கத் தாளும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழாக அதை எடுத்துக்கொண்டேன். “அத்தைக்கு ஒண்ணுமே தெரியலப்பா, நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன்” என்று வேலை முடிந்து வந்த அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அத்தைக்கும் டியூப் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அப்பா எவ்வளவோ மன்றாடினார். அத்தை அசையவில்லை, போர்டிக்சன் வீட்டில், தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு, நான்கு வேளையும் தனியாகவே செய்துகொண்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் கிளினிக்கில் டாக்டர் விஷயத்தைச் சொன்னதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் பஸ் ஏறியிருக்கிறார். இது எனக்குத் தெரிய வந்தபோது நான் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தேன்.

வலிக்குமா என்று அன்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான், “அம்மாவுக்கு வலிக்காது அத்தை” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.