இருபத்து நான்கு மணிகளுக்கு ஒரே ரெசிஸ்டர்

என் மச்சானுக்கு நான் செய்த ஒரு தவறைப் பற்றி இது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, பொறையாறு கடைத்தெருவில் ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதே ஊரில்தான் குடியிருந்தேன்; மாயவரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்வரும் இயற்பியல் விரிவுரையாளர்.

தெருவுக்கு இரண்டு பேராவது சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் மின்சாரப் பேனல் போர்டு செய்யும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தார். விடுமுறையில் வந்தவர், கைவேலை தெரிந்த ஒரு ஆளைக் கையோடு கூட்டிப்போவதாக இருந்தார். ஒரே ஒரு ஆள்தான். "ஞாயித்துக்கிழமை தம்பி வேலையைப் பாத்துட்டுச் சொல்றேங்க்கா" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு எங்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன் கதிர்க்கட்டும் பூசணிக்காயும் கோழியும் வைத்து ஆராதனை நடக்கும், பிறகு அவற்றை ஏலம் விடுவார்கள். அதற்காக மச்சான் ஒரு பிளைவுட் பலகையில் எல்.இ.டி. விளக்குகளால் நெற்கதிர் ஒன்று செய்திருந்தான். இருபத்து நான்கு மஞ்சள் மணிகள். ஆராதனையின் பாதியில் கரண்ட் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி.

சனிக்கிழமை மதியம் பலகை என் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு நான்காகப் பூச்சரம் மாதிரி கோத்து, ஒவ்வொரு சரத்துக்கும் கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தான்.

"ஏன்டா மாப்ளே, எதுக்கு ஆறு ரெசிஸ்டர்? எல்லா மணியையும் பக்கம் பக்கமாச் சேத்துட்டு, மொத்தத்துக்கும் ஒண்ணு போட்டாப் போதாதா?"

"போதாது அத்தான். பாதி லைட்டு திருச்சியில வாங்கினது, பாதி பழைய சரக்கு. ஒண்ணு போல ஒண்ணு இருக்காது."

"எல்லாம் ரெண்டு வோல்ட்தானே?"

"ஒரே மடையில பத்து வயலுக்குத் தண்ணி விட்டா பள்ளத்து வயல்தான் முதல்ல குடிக்கும். அது முழுகிப் போவும். இதுவும் அப்படித்தான். வயலுக்கு ஒரு மடை வச்சாத்தான் சரி வரும்."

"நான் எம்.எஸ்ஸி. படிச்சது உன்கிட்ட நடவு கத்துக்கவா?"

அவன் சிரித்துவிட்டு, சார்ஜுக்குக் கொடுத்திருந்த பேட்டரியை வாங்கிவரக் கிளம்பினான். "பலகை அப்படியே இருக்கட்டும் அத்தான். காலையில வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

அவன் போனதும் நான் சால்டரிங் இரும்பை எடுத்தேன். மொத்தக் கரண்ட் இவ்வளவு, மிச்ச வோல்ட் இவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லா மணியும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆறு ரெசிஸ்டரையும் கழற்றிவிட்டு, மணிகளையெல்லாம் பக்கம் பக்கமாகச் சேர்த்து, மொத்தத்துக்கும் பருத்த ஒன்றை வைத்தேன். கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த பவர் சப்ளையில் பத்து நிமிடம் அழகாக எரிந்தது. காலையில் அவன், மூடிவைத்திருந்த துணியோடு பலகையைத் தூக்கிப் போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் அது எரிந்து முடிந்த பிறகு சொல்லி, அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பிரசங்கம் தொடங்கியபோது கீழ்வரிசையில் ஒரு மணி மற்றவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தது. பிறகு அணைந்தது. அதன் பங்குக் கரண்டும் மற்றவற்றின் தலையில் விழ, அடுத்தது அணைந்தது. பிறகு இரண்டு, மூன்று. ஆசீர்வாதம் கூறும்போது பலகை முழுவதும் இருட்டு.

ஏலம் விட்ட பெரியவருக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி நெல்லு பூரா கருக்காயாப் போச்சேய்யா, இதை யாரு ஏலம் கேப்பா?" என்றார். கருக்காய் என்றால் அரிசி பிடிக்காத பதர். கோயிலே சிரித்தது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பி நிதானமாகப் பார்த்தார். மச்சானும் அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இத்தனை லைட்டுக்கும் ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டார் அவர். மச்சான் குனிந்து பேட்டரி ஒயரைக் கழற்றினான். அவர் என் மனைவியிடம் திரும்பினார். "தம்பி இன்னும் கொஞ்சம் கத்துக்கணும்க்கா."

நான் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "நீங்க படிச்சவங்க, முன்னாடியே பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன், கேக்கல" என்றேன்.

சூப்பர்வைசர் புதன்கிழமை வரை ஊரில் இருந்தார். அவர் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை. செம்பனார்கோயில் பையன் ஒருவனைக் கூட்டிப்போனார். அவன் இப்போது குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். என் மச்சானின் கடைக்குக் கருக்காக் கடை என்ற பெயர் நிலைத்தது. பெயர் வந்த காரணம் தெரியாதவர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

மூன்று மாதம் முன்பு அந்தக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் ஒரு செல்போன் சார்ஜரைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அன்னிக்கே தெரியும் அத்தான். பலகையைத் திருப்பினதும் தெரிஞ்சிபோச்சு. கோயில்ல வச்சு அக்கா புருஷனைக் காட்டிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"மன்னிச்சுக்கடா" என்றேன்.

"அது கெடக்கட்டும். அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

இப்போது நிமிர்ந்தான். "அவகிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தான். கடைசி வரைக்கும் வீட்டு மிக்ஸியை ரிப்பேருக்கு வேற கடையிலதான் குடுத்தா."

என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது.