பீவியம்மாவின் அணைந்த அடுப்பு

நண்பர் வீட்டில் ஹீட்டர் அருகே காய்ந்த ஈரக் கம்பளியின் வாடை எழுந்ததும், ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் வாழ்ந்த அடுக்கம் என்ற மலையூரில், பெரியகுளத்துக்கு இறங்கும் நடைபாதையோரம் பீவியம்மா தனியாக நடத்திய தகரக் கொட்டகைக்குள் மனம் போய்விட்டது. பூண்டு மூட்டைகளைத் தலையில் சுமந்து மழையோடு வருகிறவர்கள் அங்கே கம்பளியைக் காயவைத்து, அவர் ஊற்றித் தரும் சுக்குத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வழியில் பொறுக்கிவந்த சுள்ளிகளை அடுத்து வருபவருக்காக அடுப்போரம் போட்டுச் செல்வார்கள். அதனால் அந்த நெருப்பு ஐப்பசி மழையிலும் அணைந்ததில்லை.

பீவியம்மா இறந்தபின் அதை அணைத்தது எவருடைய பகையும் அல்ல, எங்கள் ஊரின் மரியாதைதான்.

"நாப்பது நாள் கழியட்டும்ப்பா. அதுக்குள்ள அடுப்பு மூட்டுனா செத்தவங்களுக்கு என்ன மரியாதை?" என்றார் ஊர்ப் பெரியவரான அப்பா.

அடுப்பை மூட்டச் சொல்லிக் கேட்டு நனைந்து நின்ற சுமைகாரர் ஒருவர், "அவுங்களுக்கு இனி குளிராதுங்கய்யா, எங்களுக்குத்தான் குளிருது. அவுங்க இருந்தா, 'ஏலே, வெரசா பத்த வையி'ன்னு ஏசியிருப்பாங்க" என்றார்.

"ஊர் முடிவுப்பா" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

நாற்பது கழிவதற்குள் சுமைகாரர்கள் நிற்காமல் நடக்கப் பழகிவிட்டார்கள். சுள்ளி வருவதும் நின்றது. நாற்பதாம் நாள் எங்கள் வாசலில் பந்தலிட்டு, நெய்ச்சோறு ஆக்கி, பீவியம்மாவின் இரக்கத்தை ஒவ்வொருவராகப் புகழ்ந்தார்கள். அடுப்பை மூட்டும் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. அன்றும் மழை பெய்தது. நாங்கள் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருக்கையில், சுமையோடு சிலர் நடுங்கியபடி, கொட்டகைப் பக்கம் திரும்பியும் பாராமல் இறங்கிப் போனார்கள்.