அண்ணையைப் பார்க்க ஒரு சோடி ஸ்கி

அன்று கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், மனைவி யோகம், பயண முகவர் நடேசன் அண்ணை. சோபாவில் எங்களுக்கு இடமில்லை. பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் வாங்கிய, பனியில் சறுக்கக் காலில் கட்டும் ஒரு சோடி ஸ்கி அதில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கூடப்பிறந்த அண்ணையைப் பார்த்துப் பத்து வருடம். எனக்கு இன்னும் கனடா பாஸ்போட் இல்லை; போய்ப் பார்க்க விசா வேண்டும். "சொந்தக்காரர் இருக்கினம் எண்டு எழுதினா, அங்கேயே நிண்டிடுவாய் எண்டு நினைப்பாங்கள். ஸ்கி விளையாட வாறன் எண்டு எழுது," என்றார் நடேசன் அண்ணை.

"இவர் பனியில வழுக்கி பஸ் தரிப்பிலயே மூண்டு தரம் விழுந்தவர்," என்றாள் யோகம்.

"அதுதான் பிறக்ரிஸ்!"

ஊரில் பயணம் என்றால் கலியாண வீடு, செத்த வீடு, கோயில். ஏன் போகிறாய் என்று எந்த பஸ் கொண்டக்டரும் கேட்டதில்லை. இங்கே அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குப் படிவத்தைக் கண்டாலே பயம். 'உறவினர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

விசா கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மலைச்சரிவில் இறங்கும் ஸ்கியா, சமதரையில் போகும் ஸ்கியா என்று கேட்டாள். ஒரு காலுக்கு ஒன்று என்றேன். கனடாவில் பனி போதாதா என்று அடுத்துக் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதும் அந்த இடத்திலேயே உறைந்தது. "மை பிரதர் தெயார்," என்று உளறிவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. படிவத்தைத் திருப்பித் தந்து, அண்ணையின் அழைப்புக் கடிதமும், அவர் அண்ணைதான் என்பதற்கு அத்தாட்சியும் கொண்டுவரச் சொன்னாள். இதற்காகவா ஒரு சோடி ஸ்கி வாங்கினேன்!

அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"டேய், எனக்குத் தம்பி இல்லையெண்டா, உன்னைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்கு ஆர் காசு கட்டினது? நடேசனோ?"

"பயத்தில எழுதிப்போட்டன் அண்ணை."

"நீ பயப்பிடாத நாள் எது? கடிதம் அனுப்புறன். வந்து சேர். அந்தத் தடியளைக் கொண்டு வராதை, இஞ்ச சிரிப்பாங்கள்."

கடிதம் வந்தது. அத்தாட்சிக்குத்தான் வழியில்லை. எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் யாழ்ப்பாணத்து வீட்டோடு எரிந்துபோயின. யோகம் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்தாள். அண்ணை கட்டிய காசை நான் மாதாமாதம் திருப்பி அனுப்பிய மணி ஓடர் துண்டுகள். "இந்தாங்கோ, உங்கட சகோதர பாசம்," என்றாள். அண்ணையின் கடிதத்தை விட்டால், உலகத்தில் எங்கள் இருவரின் பெயரும் சேர்ந்திருந்த கடதாசி அது மட்டும்தான். அனுப்புபவர் ஸ்காபரோ, பெறுபவர் நோர்வே. இருவருக்கும் ஒரே தகப்பன் பெயர். நாங்கள் பிறந்த ஊரின் பெயர் எதிலும் இல்லை.

விசா கந்தோரில் அந்தப் பெண் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். விசா குத்தும் முத்திரையைக் கையில் எடுத்தபடி, கடன் முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் பயப்படாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்: இல்லை, அண்ணைக்கு இன்னும் ஆயிரத்து எண்ணூறு டொலர் கொடுக்க வேண்டும்.