தடா ஏரியில் ஓட்டை தேடிய பயணம்

காலை ஏழு மணி. சூளூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. முதல் நாள் போனில் அக்கா செல்வி அழுதிருந்தாள். மாமா குவைத்துக்குப் போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கப் போகிறாராம். எல்லாம் ஒரு ஓட்டைப் படகால் வந்த வினை.

மாமா முனிரத்தினம் வரதய்யபாளையத்துக்காரர், ஏர் பிடித்த கை. தடா பக்கம் புலிக்காட் ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் பிழைக்கலாமென்று பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினார். ஆட்கள் ஏறினால் பலகைக்கு அடியில் தண்ணீர் நிறைந்தது. வந்தவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சென்னையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதற்காக அக்கா என்னை வரச் சொன்னாள். படகை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன்!

ஒன்பது மணிக்குத் தடா. புதுத் தொழிற்சாலைகளுக்கு மண் அடிக்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். படகுத்துறைக்குப் பத்து ரூபாய்.

"முனிரத்தினம் அண்ணன் படவா? அது ஏரியையே குடிச்சிக்கினு கீது சார்," என்றார் டிரைவர்.

துறையில் மாமா சோர்ந்து உட்கார்ந்திருந்தார். "வா மச்சான். பின்னாடி இஞ்சின் பக்கந்தான் தண்ணி நிக்குது. அங்க ரெண்டு வாட்டி ஒட்டிட்டேன். அப்பவும் வந்துக்கினே கீது."

தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டுமா என்ன? குளியலறைக் குழாய் கசிந்து சமையலறைச் சுவர் ஊறிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் படகை மிதக்கவிட்டோம். அரைமணி நேரம் ஒரு சொட்டு இல்லை.

"ஏறினவங்க எங்கே உட்காருவாங்க?"

"பறவையைப் பாத்துட்டா அல்லாரும் முன்னாடி ஓடியாந்துடுவாங்க."

அப்போது அக்கா சோற்றுத் தூக்கோடு வந்தாள். கடையில் கோலமாவு வாங்கிவரச் சொன்னேன். "படவுக்கு எதுக்குடா கோலம்?" என்று திட்டிக்கொண்டே வாங்கி வந்தாள். பலகைகளைக் கழற்றி, உள்ளே துணியால் ஒற்றி எடுத்து, மாவைத் தூவினோம். மூவரும் முன்பக்கம் போய் உட்கார்ந்தோம். மூக்கு தாழ்ந்தது. சற்று நேரத்தில் வெள்ளை மாவில் ஈரக் கோடு ஒன்று, படகின் மூக்கிலிருந்தே இறங்கியது. மேலே தடவினேன். இரண்டு திருகாணி முனைகள் விரலில் குத்தின.

வெளியே எட்டிப் பார்த்தால், பித்தளைத் தகட்டில் பிள்ளையார்.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவார்கள். படகை எப்படிக் கொண்டுபோவது? அதனால் பிள்ளையாரை அங்கிருந்து வாங்கி வந்து, துளை போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னுதான்டா மாட்டச் சொன்னேன். நானே இவர வெளிநாட்டுக்குத் தொரத்தப் பாத்தனே!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "புள்ளையாருக்கு ஏரில குளிக்க ஆசை. நீ என்னா பண்ணுவ? வா, துன்னலாம்."

தகட்டைக் கழற்றித் துளைகளைப் பசையால் அடைத்தோம். பிள்ளையார் உள்ளே, இஞ்சின் பெட்டிமேல் ஒட்டிக்கொண்டார். பசை காய்ந்ததும், மாலை நான்கு மணிக்குத் துறையில் நின்றவர்களையும் ஏற்றி முன்பக்கம் நெருக்கி உட்காரவைத்தோம். மறுபடி தூவிய மாவு மாவாகவே இருந்தது.

மாமா அங்கேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டார். "நான் வர்லப்பா. பாஸ்போர்ட்டு வூட்லயே இருக்கட்டும்." அக்கா வேறெங்கோ பார்த்தபடி தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றேன். முழங்கால்வரை கோலமாவு. "கல்யாண வூட்லேர்ந்து வரீங்களா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"இல்லைங்க. எங்க மாமா ஊர்லயே இருக்காரு," என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.