தண்ணீருக்கு விலக்கு இல்லை

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாட்டுக்கான சட்டம் தயாரானது. சிரிக்காதீர்கள்... நிஜம்தான்!

என் அண்ணன் மகள் நித்யா வக்கீலுக்குப் படித்தவள். ஒரு குட்டித் தீவு நாட்டில், அரசாங்கத்துக்குச் சட்டங்களை எழுதித் தருவதுதான் அவள் வேலை. லீவில் திருச்செங்கோட்டுக்கு வந்தவளை அந்த வேலை இங்கேயும் விடவில்லை. எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருந்தாள்.

"அப்படி என்ன சாமி அவசரம்?" என்றேன்.

"சண்டை நடக்கற ஒரு நாட்டு மேல உலக நாடுகள் தடை போட்டிருக்குதுங்க அத்தை. மெஷின், பார்ட்ஸ் எதுவும் எங்க துறைமுகம் வழியா அங்க போகக் கூடாதுன்னு நாங்களும் சட்டம் போடோணும்."

எந்த நாடு? சொன்னாள். எனக்குத் திக்கென்றது.

எதிர்வீட்டு செல்வியின் புருஷன் பழனிசாமி அங்கேதானே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்! சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஜனங்கள் தங்கியிருக்கும் முகாமில்தான் அவருக்கு வேலை. குடிதண்ணீருக்காகப் போட்ட போர்வெல் பாதியில் நிற்கிறது – கம்ப்ரஷர் பழுது. இங்கிருந்து அனுப்பிய பார்ட்ஸ் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. நித்யாவின் தீவில் இறக்கித்தான் வேறு கப்பலில் ஏற்ற வேண்டும்.

செல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்க கண்ணு, குடிக்கிற தண்ணிக்குக் கூடவா தடை? வேற துறைமுகம் வழியா அனுப்ப முடியாதுங்களா?"

"மத்ததெல்லாம் முன்னாடியே மூடிட்டாங்க அக்கா. எங்க தீவு ஒண்ணுதான் பாக்கி" என்றாள் நித்யா. "ஆனா பயப்படாதீங்க. தண்ணி, மருந்து, சாப்பாடு... இதுக்கெல்லாம் விலக்குன்னு தனியா ஒரு பிரிவு எழுதியிருக்கறேன். ஏத்துக்குவாங்க."

செல்வி அங்கேயே நின்று புருஷனுக்கு போன் போட்டாள். அவர் முகாம் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். போனுக்குள்ளிருந்து ஒரே கைதட்டல்! நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் காலை வீடியோ காலில் நித்யாவின் மேலதிகாரி வந்தார். அவர் பேசப் பேச, இவள் குரல் உயர்ந்தது. பிறகு கெஞ்சியது. பிறகு அடங்கிவிட்டது.

"அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லிட்டாருங்க அத்தை."

"ஏன்?"

"எது தண்ணிக்குப் போகுது, எது சண்டைக்குப் போகுதுன்னு சோதிக்க எங்ககிட்ட ஆள் இல்லை. தப்பா ஒண்ணு போயிட்டா வெளிநாட்டு பேங்க் எல்லாம் எங்க தீவைக் கைகழுவிடும். அப்புறம் அரிசிகூட இறக்குமதி பண்ண முடியாதுங்கறார். கெட்டவர் இல்லீங்க அத்தை... அவருக்கும் பயம்."

யாரைத் திட்டுவது? அங்கே தண்ணீர்... இங்கே அரிசி. இரண்டுமே வயிற்றுப் பிரச்னைதானே!

என் கண் முன்னால்தான் அந்தப் பிரிவை அழித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

செல்வி கோபப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"அவரு அந்தப் பொம்பளைங்ககிட்ட தண்ணி வந்துரும்னு சொல்லிப்போட்டாருங்களே..." என்று மட்டும் சொன்னாள்.

இந்த வாரம் சட்டம் நிறைவேறிவிட்டது. பார்ட்ஸ் தீவின் குடோனில் கிடக்கிறது. ரிக்கை அங்கேயே விட்டுவிட்டுப் பழனிசாமி ஊர் திரும்புகிறார். கிளம்பும்போது யாரும் அவரைத் திட்டவில்லையாம். ஒரு பெண் மட்டும் ரிக் வண்டியைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறாள். 'எப்போது திரும்பி வருவாய்?' என்று அர்த்தமாம். இவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

புருஷன் உயிரோடு வருவதற்கு செல்வி சந்தோஷப்பட வேண்டும். படுகிறாள். ஆனால் முழுசாகப் படமுடியவில்லை.

நேற்று நித்யாவுக்கு மேலதிகாரியிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது. சட்டத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையாம்!