யார் வைத்த கல்

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டால், கிளீனர் முதலில் செய்வது, ஓரத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பது. பிரேக்கை யாரும் நம்புவதில்லை, கல்லை நம்புவார்கள். ஓட்டுநர் முதல் கியரில் வண்டியை உறுமவிட்டு நகர்த்தியதும் கிளீனர் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வான். கல் சாலையிலேயே கிடக்கும். அதை எடுக்க மறுபடி நின்றால் வண்டி மறுபடி ஏறாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் உண்மைதான். பெரும்பாலான தீங்குகளை மனிதர்கள் உண்மையான காரணங்களைக் கொண்டுதான் செய்கிறார்கள்.

சென்றாயன் குண்டனி நாட்டுக்காரன். மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். தன் பங்குக்கு வந்த மேட்டு நிலத்தை விற்று ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆட்களையும் வாழைத்தார்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறமாட்டான். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவான். வளைவுக்கு முன்பே ஒலி எழுப்புவான், ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விடுவான். ஒழுங்கான ஓட்டுநர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் சந்தை நாளில் அவனும் அவசரக்காரன்தான்.

1998இல், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சந்தை நாள் காலை. வேன் நிறைய ஆட்களோடு அவன் ஏறிக்கொண்டிருந்தான். இரண்டு வளைவுகளுக்கு மேலே ராஜதுரையின் உர லாரி நின்று, திணறி, மறுபடி கிளம்புவது கீழிருந்தே தெரிந்தது. ராஜதுரை முள்ளுக்குறிச்சிக்காரன், சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவன். அந்த வளைவில் சென்றாயன் திரும்பியபோது கல் நடுவில் கிடந்தது. உரித்த தேங்காயைவிடப் பெரிது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏற்றத்தில் மறுபடி எடுக்க வேண்டும். வேன் உயரமானதுதான், தாண்டிவிடும் என்று கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டான். ஆள் பாரத்தில் வேன் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள், மிளகு மூட்டையை மடியில் வைத்திருந்தவள், “சாமி, அடியில என்னமோ அடிச்சுச்சு, நிறுத்திப் பாரு” என்றாள்.

சந்தை கலைந்துவிடும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்றாயன் மிதித்தான். எண்ணெய் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அவன் வேனில் எப்போதோ செத்துப்போயிருந்தது. நாலைந்து வளைவுகள் ஏறியதும் எஞ்சின் இரும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. அதன்பின் அது ஓடவே இல்லை. அவன் நடந்தே கீழே இறங்கினான். வேன் நின்ற இடத்திலிருந்து கல் கிடந்த இடம் வரைக்கும் தார் மேல் கறுப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து இறங்கியது. கோட்டின் முடிவில் எண்ணெய் பூசிய கல். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை, சம்பை, அது உடைத்திருந்தது.

மறுநாள் காரவள்ளி டீக்கடையில் ராஜதுரையைப் பிடித்தான். கல்லைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போயிருந்தான். அதை மேசை மேல் வைத்தான். டீக்கடைக்காரர் கிளாஸ்களை ஒதுக்கிக்கொண்டார்.

“இது உன்ற கல்லு” என்றான் சென்றாயன்.

ராஜதுரை கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எங்கீங்க, பேரைக் காணமே? என்ற பேரு எழுதியிருக்கா இதுல?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சென்றாயன் பணம் கேட்கவில்லை. அந்தக் கல்லை வைத்தது தன் வண்டிதான் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். ராஜதுரை டீயைக் குடித்து முடித்து எழுந்தான்.

“கல்லு சம்பைத்தான் உடைச்சுது. எஞ்சினை உடைச்சது நீ. அடியில அடிச்சா எறங்கிப் பாக்கோணும்னு தெரியாதவனுக்கு ஸ்டீயரிங் எதுக்கு?”

தன்னைப் பற்றிய உண்மையைப் பகைவன் வாயிலிருந்து கேட்கிறவன் அந்த உண்மையை ஏற்பதில்லை, பகையைத்தான் கூட்டிக்கொள்கிறான். கடை முழுக்கச் சிரித்ததை அவன் மறக்கவில்லை. எஞ்சினைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டான்.

வேனைக் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பலாமரத்தடியில் நிறுத்தினார்கள். நாமக்கல் மெக்கானிக் பார்த்துவிட்டு, வேறு எஞ்சின் போட்டால்தான் உண்டு என்று கையை விரித்தார். கொஞ்ச நாளில் பின் இருக்கையில் கோழி அடைகாக்கத் தொடங்கியது. சென்றாயனின் மனைவி கண்ணாயி, முட்டை எடுக்கப் போகும்போதெல்லாம், “டிரைவரே, வண்டி எப்பக் கெளம்பும்?” என்று கேட்பாள். அவள் கேலியில் அன்பு இருந்ததா என்று அவனுக்கும் தெரியவில்லை. விற்ற நிலம் அவள் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம்.

பிழைப்புக்கு அவன் மலைப்பாதை பராமரிப்பில் கூலிக்குச் சேர்ந்தான். சரிந்த மண்ணை அள்ளுவது, காட்டுச்செடி வெட்டுவது, வளைவுகளின் ஓரச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. சாலையில் கிடக்கும் கற்களைப் பொறுக்கிச் சாலையோர ஓடையில் போட வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. பள்ளத்தில் எறியக்கூடாது. இந்த மலையில் பள்ளம் என்பது பெரும்பாலும் கீழ்வளைவின் சாலைதான்.

தை மாதத்தில் ஒருநாள், ஒரு வளைவில் கல் ஒன்றை எடுத்தபோது அவன் கையில் சுண்ணாம்பு மட்டையும் இருந்தது. பேரைக் காணமே என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கல்லின் மேல் ‘ராஜதுரை’ என்று எழுதினான். எழுதிய கல்லை ஓடையில் போட்டால் யார் படிப்பது? ஓரச்சுவரின் மேல், சாலையைப் பார்த்த மாதிரி வைத்தான்.

ஒரு கல்லோடு நின்றிருந்தால் அது ஒரு கோபம். அவன் நிற்கவில்லை. பொறுக்கிய கல்லுக்கெல்லாம் அந்தப் பெயரையே எழுதினான். எந்த லாரி வைத்தது, எப்போது வைத்தது என்று அவன் பார்க்கவில்லை. மழையில் தானாக உருண்டு வந்த கல்லுக்கும் ராஜதுரை என்று பெயர் வந்தது. மேஸ்திரி ஒருமுறை கேட்டதற்கு, வண்டிக்காரர்களுக்கு எச்சரிக்கை என்றான். மேஸ்திரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். சித்திரை வருவதற்குள் மலையேறுகிற எவனும் அந்தப் பெயரைப் படிக்காமல் ஏற முடியாது என்றாகிவிட்டது. அநியாயத்தை எதிர்க்கக் கிளம்பியவன் எந்த இடத்தில் அநியாயக்காரன் ஆனான் என்று கேட்டால், இரண்டாவது கல்லில் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் ராஜதுரை, மலைக்கே என் பெயரை வைத்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அரியூர் நாட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போன இடத்தில் ஒருவர், கல் ராஜதுரை வந்திருக்கிறார் என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். வழக்கமாக அவனுக்கே கொடுக்கும் பாரத்தை வேறு லாரிக்குக் கொடுத்தார்கள். கல்லை எடுக்காத வண்டி கிழங்கையும் சரியாகக் கொண்டுபோகாது என்று யாரோ சொன்னார்களாம். ஒரு நாள் அவன் வளைவில் லாரியை நிறுத்தி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சென்றாயனிடம் நடந்து வந்தான்.

“அழிச்சுடு.”

“உன்ற கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லு, அழிக்கறேன்.”

“எது என்ற கல்லு? நூறு லாரி ஏறுது. அத்தனையும் என்ற கல்லா?”

“அந்த ஒண்ணு.”

ராஜதுரை கீழே துப்பினான். லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் காரியம். அந்த ஒரு வார்த்தை அவனிடம் இல்லை என்றில்லை. அதைக் கேட்டவன் சென்றாயனாக இருந்தான், அவ்வளவுதான்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மலையில் வண்டிகள் நெருக்கியடித்தன. அடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த குப்புசாமி, தன் மனைவி பொன்னம்மாளைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில், எதிரே இறங்கிய பேருந்துக்கு ஒதுங்கிச் சுவரோரமாக வந்தபோது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. பொன்னம்மாளுக்குக் கையில் சிராய்ப்பு. குப்புசாமியின் கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது. தூக்கிவிட வந்தவர்கள் கல்லைப் புரட்டினார்கள். வெள்ளை எழுத்தில் பெயர் இருந்தது. சுவர் மேல் இருந்ததைக் குரங்கு தள்ளியதோ, லாரியின் படுதா இழுத்துவிட்டதோ, யாரும் பார்க்கவில்லை.

பிற்பகலில் காரவள்ளியில் பொன்னம்மாளின் அண்ணன் வெங்கிடுசாமியும் சொந்தக்காரர்களும் ராஜதுரையின் லாரியை மறித்துவிட்டார்கள். கல்லை லாரியின் முன்சக்கரத்தருகே வைத்திருந்தார்கள். வெங்கிடுசாமி ராஜதுரையின் சட்டையைப் பிடித்திருந்தார். மூன்று நாளாக மலைப்பக்கமே போகவில்லை என்று ராஜதுரை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆறு மாதமாக மலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை ஒருவன் மறுத்தால் யார் நம்புவார்கள்?

சாலை வேலை முடிந்து இறங்கிய டிராக்டரில் சென்றாயன் இருந்தான். கூட்டத்தைக் கண்டு மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். என்ன நடந்தது என்று டீக்கடைக்காரர் அவனிடம் சொன்னார். டிராக்டரை விட்டு அவன் இறங்கவில்லை. ஒன்பது மாதமாகக் கேட்டது அங்கே தானாக நடந்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், ராஜதுரையை அடித்தாவது அந்த வார்த்தையை வரவழைத்துவிடுவார்கள்.

ராஜதுரைதான் அவனைப் பார்த்தான். “அவனைக் கேளுங்க. எழுதினவன் அவன்.”

வெங்கிடுசாமி சட்டையை விடாமலே திரும்பினார். “ஏப்பா, நீயா எழுதுன?”

“நான்தானுங்க எழுதினேன்” என்றான் சென்றாயன். “வெச்சது அவன்தானுங்க.”

“ரோட்டுல கெடந்த கல்லா இது?”

“கெடந்ததுதானுங்க. நாங்க ஓரமா எடுத்து வெப்போம்.”

“ஓரமான்னா எங்க?”

சென்றாயன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி எங்கோ பார்த்தார்.

“ஓடையிலயா வெச்ச?”

“சுவத்து மேலீங்க.”

வெங்கிடுசாமி சட்டையை விட்டார். டிராக்டர் அருகே வந்து நின்றார். அவர் குரல் தணிந்துவிட்டிருந்தது. கூட்டத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. என்ற மாப்பிள்ளை காலை முறிச்சது யாரு வெச்ச கல்லு?”

அங்கிருந்து ராஜதுரையின் முகம் சென்றாயனுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் பயம் இல்லை. இவன் சொல்லமாட்டான் என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயம்தான் சென்றாயனைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன். மனசாட்சி என்று எழுதுவது சுலபம். பகைவன் போட்ட கணக்கைப் பொய்யாக்கும் ஆசையும் ஒரு மனிதனை உண்மை பேசவைக்கும்.

“நான் வெச்ச கல்லுங்க” என்றான்.

வெங்கிடுசாமி அவனைக் கீழே இழுத்துப்போட்டு அடித்தார். மற்றவர்களும் அடித்தார்கள். ராஜதுரை விலக்கவும் இல்லை, கை வைக்கவும் இல்லை. லாரியின் முன்னால் கிடந்த கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தான். கிளம்பும் முன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

“சம்பை உடைச்ச கல்லு எதுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டுக்கோ” என்றான்.

குப்புசாமியின் கால் கூடியது. ஆனால் கொஞ்சம் கோணல். சென்றாயன் போய்ப் பார்த்தபோது பொன்னம்மாள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். வேலையை விட்டு நிறுத்திய மேஸ்திரி, நிறுத்துவதற்கு முன் பெயர் எழுதிய கல் ஒவ்வொன்றையும் அவனையே இறக்கவைத்தார். சுண்ணாம்பு கல்லின் துளைகளில் இறங்கியிருந்தது, தேய்த்தால் போகவில்லை. சம்மட்டியால் உடைத்து, சாலைக் குழிகளில் போட்டு மண் தள்ளி மூடினான். சில குழிகளில் ஓர் எழுத்து மட்டும் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு சோளக்காட்டில் ஒருவரின் ஜீப்பைக் கூலிக்கு ஓட்டத் தொடங்கினான். சாலையில் கல் கிடந்தால் நிறுத்தி, பின்னால் வருகிறவனுக்குக் கை காட்டி, இறங்கி ஓடையில் போட்டுவிட்டு வருவான். அடியில் சுள்ளி உரசினாலும் படுத்து எட்டிப் பார்ப்பான். ஏறியவர்கள் திட்டுவார்கள். இவன் ஜீப்பில் வந்தால் சந்தைக்குப் போக முடியாது, கருமாதிக்குத்தான் போகலாம் என்று ராக்கம்மாளே ஒருமுறை சொன்னாள். இதைத் திருந்தியது என்று சிலர் சொல்கிறார்கள். ராக்கம்மாள் நிறுத்தச் சொன்ன அன்று இதைச் செய்திருந்தால் அந்தப் பாராட்டை நானும் கொடுத்திருப்பேன்.

ராஜதுரையின் லாரியில் ஒரு மாற்றம் வந்தது. முட்டுக்கொடுக்க ஒரு புளியங்கட்டையைக் கயிற்றால் பின்புறம் கட்டிவிட்டான். வண்டி நகர்ந்தால் கட்டையும் கூடவே இழுபட்டு வரும், சாலையில் எதுவும் மிஞ்சாது. ஏன் என்று கேட்டவர்களிடம், நல்ல கல் கிடைப்பதில்லை என்றான்.

2001இல் ஒருநாள், ஒரு வளைவில் சென்றாயன் ஜீப்பை ஒதுக்கி, ஏறிவரும் லாரிக்காக நின்றான். வந்தது ராஜதுரை. இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். வழி விட்டதற்கு ஓட்டுநர்கள் கையைத் தூக்குவது வழக்கம். ராஜதுரை தூக்கவில்லை. சென்றாயனும் எதிர்பார்க்கவில்லை. லாரி கடந்ததும் கட்டை தாரில் தட்டித் தட்டிப் போகும் சத்தம் கேட்டது. அது அடுத்த வளைவுக்கு மேலே போய் அடங்கும் வரை அவன் ஜீப்பை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் மறுபடியும் திட்டத் தொடங்கினார்கள்.